நம்பிக்கை மையத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளைப் பற்றி: மாவட்டத் தலைமை மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் ஐயா,

உங்கள் மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும், எச்ஐவி ஆலோசனையும் பரிசோதனையும் செய்யும் நம்பிக்கை மையத்தின் கதவுக்கு வலது பக்கம் ஒரு ஏ4 தாள் ஒட்டியிருக்கிறது. கொட்டை எழுத்தில் அச்செடுத்து, நாலு மூலையிலும் செலோடேப் போட்டிருக்கிறார்கள். "நேரம்: காலை 9 முதல் 12 வரை. ஆதார் அட்டை கட்டாயம். திருமணமான பெண்கள் கணவருடனும் திருமணமாகாத பெண்கள் பெற்றோருடனும் வரவும். உத்தரவுப்படி." யாருடைய உத்தரவு என்று அதில் இல்லை. கையெழுத்து இல்லை, தேதி இல்லை. முத்திரை மட்டும் இருக்கிறது. அது உங்கள் அலுவலக முத்திரை.

மூன்று மாதத்துக்கு முன்னால் நான் முதன்முதலாக அங்கே வந்தபோது அந்தத் தாள் இல்லை. போன வாரம் மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு வந்தபோது இருந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இருபது வயது இருக்கும் ஒரு பெண், கல்லூரிப் பை, துப்பட்டாவை மூக்கு வரை சுற்றியிருந்தாள். நேராகக் கதவுக்கு வந்தாள். தாளைப் படித்தாள். திரும்ப ஒரு முறை படித்தாள். அப்புறம் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி "ஆங், வரேன் வரேன்" என்று சொல்லிக்கொண்டே வந்த வழியே போய்விட்டாள். போன் அடிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

அவள் ஏன் வந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் மிச்சமிருந்தது என்பதும் தெரியாது. அவள் பின்னாலேயே ஓடிப்போய்ப் பேசியிருக்க வேண்டும். போகவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம்.

என்னை உள்ளே விட்டார்கள். லேப் டெக்னீஷியனுக்கு என் முகம் நினைவிருந்தது. "உங்களுக்குப் பரவாயில்லை, பழைய ஆள்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எனக்கு 29 வயது. திருமணமாகவில்லை. ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பெயரும் ஊரும் எழுதவில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று நம் ஊரில் இருக்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை இரவு, பதினோரு மணி சுமாருக்கு, எனக்குப் பிடித்த ஒருவரோடு இருந்தேன். இருவரும் விரும்பித்தான். ஆணுறை போட்டிருந்தது. கிழிந்தது. இதற்கு மேல் இந்தக் கதையில் உங்கள் மருத்துவமனைக்குத் தேவையான தகவல் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த மூன்று நாளில் என்னிடம் கேட்கப்பட்டதெல்லாம் தேவையில்லாத தகவல்கள்தான்.

அந்த இரவு எப்படிப் போனது என்று சொல்கிறேன். விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் படித்துக்கொண்டே இருந்தேன். காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு என்று ஒவ்வொரு அறிகுறியாகப் படிக்கப் படிக்க எல்லாமே எனக்கு இருக்கிற மாதிரி இருந்தது. கிழிந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். மூன்று முறை குளித்தேன். விடிந்ததும் அம்மா காபி கொடுத்தபோது டம்ளரைத் தனியாகக் கழுவி வைத்தேன். எச்சிலில் பரவாது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறேன். தெரியும். தெரிந்தும் கை அதைச் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை 1097 என்ற எய்ட்ஸ் உதவிக்கான இலவச எண்ணுக்கு மொட்டை மாடியிலிருந்து போன் செய்தேன். அந்தப் பக்கம் போனை எடுத்தவர் தமிழில் நிதானமாகப் பேசினார். திருமணமாகிவிட்டதா என்று கேட்கவில்லை. எப்போது நடந்தது என்று மணியைத்தான் கேட்டார். எச்ஐவி தொற்றாமல் தடுக்க மாத்திரை இருக்கிறது, 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் போட வேண்டும், பக்கத்தில் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள் என்றார். அதுவரை எனக்கு இருந்தது வெறும் பயம். அதற்குப் பிறகு கையில் ஒரு கணக்கு கிடைத்தது. கணக்கு எனக்குப் பழகிய விஷயம். செவ்வாய் இரவு பதினோரு மணி வரை நேரம்.

ஞாயிறு என்பதால் நேராக உங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தேன். இந்த மாத்திரை 24 மணி நேரமும் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நாட்டின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் நெறிமுறை. இருந்தது. பணியில் இருந்த டாக்டர் இருக்கிறது என்றே சொன்னார். "ஆனா அது ஸ்டாஃபுக்கும்மா. சிஸ்டருங்களுக்கு ஊசி குத்திட்டா கொடுக்கறது. நீங்க நாளைக்கு ஓ.பி.ல வாங்க." சுற்றிலும் விபத்தில் அடிபட்டவர்கள், நெஞ்சு வலிக்காரர்கள். அவர் தலைக்கு மேல் வேலை. அதனால் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் எப்போது வந்தது என்றால், நான் நகர்ந்த பிறகு அங்கே இருந்த உதவியாளர் பக்கத்தில் இருந்தவரிடம், என் காதில் விழுகிற மாதிரி, "தப்பு பண்றதெல்லாம் பண்ணிட்டு இங்க வந்து நிக்குதுங்க" என்றபோது.

திங்கள் காலை ஏழரைக்கே ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றேன். சீட்டு போடுகிறவர் "என்ன தொந்தரவு?" என்று கேட்டார். மெதுவாகச் சொன்னேன். காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன். அவர் உள்ளே திரும்பி, "எச்ஐவி டெஸ்டுக்கு எந்த ரூம் போடறது?" என்று கத்தினார். என் பின்னால் சுமார் நாற்பது பேர். அதில் எங்கள் தெருக்கோடி மளிகைக் கடைக்கார அண்ணனின் மனைவி இருந்தாரா, இல்லை அவரைப் போல வேறு யாராவதா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சீட்டில் "க/பெ" என்ற இடத்தில் கணவர் பெயர் கேட்டார். கணவர் இல்லை என்றேன். பேனாவை நிறுத்திவிட்டு முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் இல்லை. பயிற்சிக்குப் போயிருக்கிறார், வியாழக்கிழமை வருவார் என்றார்கள். வியாழன் என்றால் என் கணக்கு முடிந்து ஒன்றரை நாள் ஆகியிருக்கும். டெக்னீஷியன் ரத்தம் எடுத்தார். அரை மணி நேரத்தில் "நெகட்டிவ், போய்ட்டு வாம்மா, இனிமே ஒழுங்கா இரு" என்றார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஐயா. ஏனென்றால் என்னைப் போலப் பயந்துகொண்டு வருகிற பெரும்பாலோர் இந்த இடத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள், நிம்மதியாக. சனிக்கிழமை இரவு நடந்ததற்குத் திங்கட்கிழமை எடுத்த ரத்தம் ஒன்றும் சொல்லாது. அதற்கு முன்னால் எனக்கு எச்ஐவி இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகி இந்த விரைவுப் பரிசோதனையில் தெரிய மூன்று வாரம் ஆகலாம், மூன்று மாதம் வரையும் ஆகலாம். ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை என்றால் பதினெட்டு நாளிலிருந்து நாற்பத்தைந்து நாளுக்குள் தெரிந்துவிடும். இதைப் பரிசோதனைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை உட்கார வைத்துச் சொல்வதற்காகத்தான் ஆலோசகர் என்று ஒரு பதவியே இருக்கிறது. அவர் பயிற்சிக்குப் போனால் அந்த நாற்காலி நாலு நாள் காலியாக இருக்கிறது. "நெகட்டிவ், ஒழுங்கா இரு" என்பது அறிவுரை. எனக்கு வேண்டியிருந்தது தேதி.

மாத்திரை பற்றிக் கேட்டேன். எச்ஐவி உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சை மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டர் நல்லவர், பொறுமையாகத்தான் பேசினார். பேசியது இதுதான்: "எங்களுக்கு ரெண்டு கேட்டகரிதான்மா. ஒண்ணு ஹெல்த் ஸ்டாஃப். இன்னொண்ணு ரேப் கேஸ். ரேப்னா எஃப்ஐஆர் போட்டு வாங்க, உடனே தர்றேன்."

கண்காணிப்பாளர் ஐயா, இந்த வாக்கியத்தை நீங்கள் ஒரு முறை உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கு மருந்து இல்லை. பொய் சொன்னால் மருந்து உண்டு, கூடவே ஒரு தப்பும் செய்யாத ஒருவர் ஜெயிலுக்குப் போவார். அன்று மதியம் உங்கள் மருத்துவமனைக் கேன்டீனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்தப் பொய்யை ஐந்து நிமிடம் நான் யோசித்தேன். யோசித்தேன் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிஜமாகவே வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண் வந்து நின்றால், அவளிடமும் எஃப்ஐஆரைக் காட்டினால்தான் மருந்து என்று சொல்லச் சட்டத்தில் இடம் இல்லை. முதலில் சிகிச்சை, அதுவும் இலவசமாக. போலீசுக்குச் சொல்வது மருத்துவமனையின் வேலை.

உலக சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டே இந்த மாத்திரைக்கான வழிகாட்டுதலில், ஊசி குத்தியதா, வன்கொடுமையா, விரும்பி நடந்த உறவா என்று பிரிக்காமல் எல்லாருக்கும் ஒரே முறையைச் சொல்லிவிட்டது. கிருமிக்கு அந்தப் பிரிவினை தெரியாது என்பதால் இருக்கலாம். நான் கேட்ட மாத்திரை அபூர்வமானதும் இல்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை. எச்ஐவி உள்ளவர்களுக்கு அதே மையத்தில் மாதாமாதம் இலவசமாகக் கொடுக்கிற அதே மாத்திரை. அந்த டாக்டருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் வெள்ளை டப்பாக்களாக அடுக்கியிருந்ததை நானே பார்த்தேன்.

அந்த வரிசையில் நின்ற ஒரு அம்மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐம்பது வயது இருக்கும், ஒயர் கூடையில் டிபன் பாக்ஸ். என் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். "பயப்படாத கண்ணு. அப்படியே இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. பதினாலு வருஷமா போடறேன். பேரனைத் தூக்கி வளர்த்தேன்" என்றார். அவரைப் போல ஆகிவிடுவேனோ என்றுதான் இரண்டு நாளாகத் தூங்காமல் இருந்தேன். அவர்தான் அந்தக் கட்டடத்தில் முதன்முதலாக என்னிடம் அன்பாகப் பேசியவர். ஒழுங்காக மருந்து எடுத்து ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் மூலம்கூட அடுத்தவருக்குத் தொற்றாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவரிடம் ஒரு நன்றி சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். விடியற்காலை பஸ் பிடித்துப் பெரிய நகரத்துக்குப் போய், ஒரு தனியார் டாக்டரைப் பார்த்து, முதல் மாத்திரையை வாயில் போட்டபோது மதியம் பன்னிரண்டு. கணக்குப்படி 61ஆவது மணி நேரம். டாக்டர் கட்டணம், பரிசோதனைகள், மாத்திரை, பஸ் செலவு எல்லாம் சேர்த்து என் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போனது. என்னிடம் சம்பளம் இருந்தது. லீவு கிடைத்தது. தனியாகப் பஸ் ஏறிப் போக முடிந்தது. இந்த மூன்றும் இல்லாதவர்களுக்காகத்தானே ஐயா அரசு மருத்துவமனை?

அந்த டாக்டர் என்ன அதிசயம் செய்தார் என்று யோசித்துப் பார்த்தால், ஒன்றும் இல்லை. எண்களைச் சொன்னார். எச்ஐவி இருந்து சிகிச்சை எடுக்காத ஒரு ஆணோடு ஆணுறை இல்லாமல் ஒரே ஒரு முறை யோனி வழி உறவு நடந்தால், பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு தோராயமாகப் பத்தாயிரத்தில் எட்டு. அவருக்குத் தொற்று இருக்கிறதா என்பதே தெரியாதபோது அதைவிடவும் குறைவு. "ஆனா அது பூஜ்யம் இல்ல. அதனால மாத்திரை எடுக்கறதா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க" என்றார். நான் இரும்புச்சத்து மாத்திரை போடுகிறேன் என்றதும், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது, இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் டோலுடெக்ராவிர் சரியாக உடம்பில் சேராது என்று சீட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறேனா என்று கேட்டார். ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று தேதிகளைக் காலண்டரில் வட்டம் போடச் சொன்னார். பத்தாயிரத்தில் எட்டு என்ற ஒரு வரியை ஞாயிற்றுக்கிழமையே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு இரவு தூங்கியிருப்பேன்.

நடுவில் அவசரக் கருத்தடை மாத்திரைக்காக மூன்று மெடிக்கல் ஏறி இறங்கியது தனிக் கதை. "நாங்க வைக்கறதில்லைங்க" என்று மூன்று இடத்திலும் ஒரே பதில். மருந்துச்சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று அனுமதி உள்ள மாத்திரை அது. அதையும் அந்தத் தனியார் டாக்டரிடம்தான் வாங்கினேன். அதை எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.

இந்த மூன்று நாளும் எல்லாரும் எச்ஐவி என்ற ஒரே சொல்லைத்தான் பேசினார்கள், நானும் சேர்த்து. மூன்றாவது வாரம் எனக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல், கூடவே வெள்ளைப்படுதல். அம்மா "உடம்புச் சூடு, மோர் குடி" என்றார். குடித்தேன். ஐந்து நாள் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. எச்ஐவியைவிட எளிதாகத் தொற்றுகிற கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ் போன்ற பால்வினை நோய்கள் பற்றி யாருமே ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளமிடியா பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. கண்டுகொள்ளாமல் விட்டால் கருக்குழாய் வரை போகலாம். சிபிலிஸில் வருகிற புண் வலிக்காது, தானாகவே ஆறியும் போய்விடும், நோய் மட்டும் உள்ளே இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு, அதுவும் ஆரம்பத்திலேயே வந்தால் பெரும்பாலும் ஒரே வேளையிலோ ஒரே ஊசியிலோ முடிகிற மருந்து.

உங்கள் மருத்துவமனையிலேயே சுகவாழ்வு மையம் என்ற பெயரில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. நம்பிக்கை மையத்திலிருந்து இருபதடி தூரம். அங்கே போகச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானே போர்டைப் பார்த்துப் போனேன். அங்கே இருந்த சிஸ்டரைப் பற்றி நல்லதாக எழுதக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னார். தோழி வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, சாம்பல் நிற உறையில் இருந்த மருந்தை எழுதினார். அசித்ரோமைசின் ஒரு கிராம், செஃபிக்சைம் 400 மில்லிகிராம். ஒரே வேளை, இலவசம். சிபிலிஸுக்கும் ரத்தம் எடுத்தார்கள். "உங்க கூட இருந்தவரும் மருந்து எடுத்துக்கணும்மா, இல்லைன்னா திரும்பி வரும். அவர் இங்க வர வெட்கப்பட்டா நீங்க சொல்லிப் பாருங்க" என்றார் சிஸ்டர். ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. மொத்தம் இருபது நிமிடம். ஆக உங்கள் மருத்துவமனையில் எல்லாம் இருக்கிறது, ஐயா. மருந்து இருக்கிறது, அலமாரி இருக்கிறது, இந்த சிஸ்டரைப் போல ஆளும் இருக்கிறார்கள்.

அவர், அதாவது என்னோடு இருந்தவர், உங்கள் மருத்துவமனைக்கு வரவில்லை. ஓ.பி. சீட்டுக் கவுன்டரில் என்ன நடந்தது என்று நான் சொல்லியிருந்தேன், அதுவே அவருக்குப் போதும். மாதத்தில் ஒரு முறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் ஒரு பரம்பரை வைத்தியரிடம் போனார். அவர் கை பிடித்து நாடி பார்த்தார், "இளமையில் செய்த தவறு, மேக நோய் உள்ளே இறங்கியிருக்கு, நரம்பு தளர்ந்திருக்கு" என்றார். நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு லேகியம், ஒரு எண்ணெய், ஒரு பொட்டலம் சூரணம். பால்வினை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே தடை செய்யும் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது. ஆனாலும் நம் ஊர்ச் சுவர்களில் அந்த மஞ்சள் போஸ்டர் காயாத பசையோடு இருக்கிறது. நான் சண்டை போட்டு ஒரு தனியார் லேபுக்கு இழுத்துப் போய்ப் பரிசோதித்து, எச்ஐவி இல்லை என்று தெரிந்தபோது நான் இருபதாவது மாத்திரையைப் போட்டுவிட்டேன். மிச்சம் எட்டையும் போட்டு முடித்தேன். சாம்பல் நிற உறைக்காக அடுத்த வாரம் அவரைச் சுகவாழ்வு மையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு வந்தேன். லேகியத்தை அவர் அதற்கு முன்பே தூக்கிப் போட்டிருந்தார். நாலாயிரம் ரூபாய்க்கு அவர் வாங்கியது அந்த லாட்ஜ் அறையின் சாத்திய கதவைத்தான் என்று நினைக்கிறேன்.

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது, 2003 வாக்கில், ஊரெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று விளம்பரம். பஸ்ஸின் பின்னால், சுவரில், டிவியில். அப்பாவிடம் "எய்ட்ஸ்னா என்னப்பா?" என்று கேட்டேன். "ராஜாவையே போய்க் கேளு" என்றார். அதற்குப் பிறகு ராஜா என்று பெயர் உள்ள பையன்களை எங்கள் பள்ளியில் என்ன பாடு படுத்தினோம் என்பதும் நினைவிருக்கிறது. அந்த விளம்பரம் ஒரு நல்ல வேலை செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வாயில் வராத ஒரு சொல்லைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் ராஜாவுக்கு வருமா வராதா என்றே இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ராஜா திங்கட்கிழமை காலை எந்த அறைக்குப் போக வேண்டும், அங்கே யார் இருப்பார்கள், என்ன மாத்திரை, எத்தனை மணி நேரத்துக்குள் என்று யாரும் சொல்லவில்லை. ராணி போனால் என்ன ஆகும் என்பதை நான் மேலே எழுதிவிட்டேன்.

உங்கள் அலுவலக வராந்தாவில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. டிசம்பர் 1, எய்ட்ஸ் தினம், சிவப்பு ரிப்பன் கோலம், செவிலியர் மாணவிகள், நீங்கள் குத்துவிளக்கு ஏற்றுகிறீர்கள். தமிழ்நாடு இதில் முன்னோடி என்று அன்றைக்கு மேடையில் பேசியிருப்பீர்கள். உண்மைதான். இந்தியாவில் எச்ஐவி முதன்முதலாக 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் முதுகலை மாணவி செல்லப்பன் நிர்மலா எடுத்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்டபோதுதான் அது தெரியவந்தது. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் என்ற ஏற்பாட்டை 1994இல் முதலில் தொடங்கியதும் இந்த மாநிலம்தான். அந்த முன்னோடிகள் அன்றைக்கு யார் யாருக்குத் திருமணமாகியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ரத்தக் குழாய்கள் வேலூருக்குப் போயிருக்காது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். எச்ஐவி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. பரிசோதனைக்குப் பரிசோதனை செய்துகொள்பவரின் சம்மதம், விவரம் தெரிந்து கொடுக்கும் சம்மதம், அது மட்டும்தான் வேண்டும். பதினெட்டு வயது முடிந்தவருக்கு அம்மாவோ அப்பாவோ கணவரோ உடன் வர வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று இருக்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவ நிறுவனத்தில் இந்தச் சட்டப்படி ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. போன வாரம் அந்த அலுவலரின் பெயரைக் கேட்டேன். மூன்று மேசைக்கு அனுப்பினார்கள். மூன்றாவது மேசையில் இருந்தவர் "என்ன புகார்?" என்று கேட்டாரே தவிர, யாரிடம் என்று சொல்லவில்லை.

இனி நான் கேட்பவை.

அந்தத் தாளைக் கிழிக்க வேண்டும். கிழித்தால் மட்டும் போதாது, அது தவறு என்றும் பதினெட்டு வயதான யாரும் தனியாக வரலாம் என்றும் உங்கள் கையெழுத்தும் தேதியும் போட்டு அதே இடத்தில் ஒட்ட வேண்டும். திரும்பிப் போன அந்தப் பெண் ஒரு வேளை மறுபடி வந்தால் அவள் கண்ணில் பட வேண்டும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இந்த 28 நாள் மாத்திரையின் முதல் சில நாளுக்கானதையாவது, 72 மணி நேரத்துக்குள் வருகிற யாருக்கும், எப்படி நேர்ந்தது என்று விசாரிக்காமல் கொடுக்க வேண்டும். உங்களுக்கு மேலே இருந்து வந்த வழிகாட்டுதல் அதற்கு இடம் தரவில்லை என்றால், அதை மாற்றச் சொல்லி மேலே எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு உதவும் என்றால் என் 61 மணி நேரக் கணக்கைப் பெயர் இல்லாமல் இணைத்துக்கொள்ளலாம். எஃப்ஐஆர் என்ற சொல்லை மருந்துக்கு முன்னால் யாரும் சொல்லக் கூடாது.

ஆலோசகர் விடுப்பிலோ பயிற்சியிலோ இருக்கும் நாட்களில் அந்த நாற்காலியில் யார் என்று முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். சுகவாழ்வு மையத்து சிஸ்டரைக் கேட்டால் அவரே பயிற்சி கொடுப்பார் என்று நினைக்கிறேன். நம்பிக்கை மையத்துக்கு வருகிற ஒவ்வொருவரையும் அந்த இருபதடி தூரம் கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். சிபிலிஸ் பரிசோதனையும் அதே ஊசியில், அதே நாளில்.

நேரம் 9 முதல் 12 வரை என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாத்தப்பட்ட கதவு. வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஆறு வரை திறந்திருக்க வேண்டும்.

ஓ.பி. கவுன்டரில் நோயின் பெயரைக் கேட்காமல் அறை எண்ணைச் சொன்னால் சீட்டு போட வழி செய்யுங்கள். "க/பெ" கட்டத்தைக் காலியாக விட அனுமதியுங்கள். பேனா அங்கே நிற்க வேண்டாம்.

புகார் அலுவலர் யார், எந்த அறை என்று ஒரு பலகை. குத்துவிளக்கு போட்டோவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

ஆறாம் மாதக் கடைசிப் பரிசோதனைக்கு எனக்கு இன்னும் பன்னிரண்டு வாரம் இருக்கிறது. உங்கள் மருத்துவமனைக்குத்தான் வருவேன். தனியாக வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கை மையப் பதிவேட்டில் "பழைய ஆள்"